கீல்வாதக் காணொளிகளும் சாட்சியின் தகுதியும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ரப்பர் தழைத்திருந்த நாளில், நோயைப் பற்றிய செய்தி மக்களை வந்தடைந்த வழிகள் சிலவே. தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் இருந்தார். லயத்தில் கைமருந்து தெரிந்த மூதாட்டியர் இருந்தனர். இரு சாராரும் மக்கள் கண்முன் வாழ்ந்தவர்கள். அவர்கள் சொன்னது பிழைத்துப்போனால் மறுநாளே வாசலில் நின்று கேட்கலாம். பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் முதலிய இடங்களில் பால் வெட்டிய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்களுக்கு இன்று மருத்துவம் சொல்வது கைப்பேசி. தமிழகத்தில் எங்கோ ஒருவர் பேசிய காணொளி, வலையொளியில் ஏறிப் புலனக் குழுவின் வழியே இறங்கி, மறுநாட் காலையில் இங்குள்ள ஒரு பெரியவரின் கைக்கு வந்து சேர்கிறது. அது பிழையானால் யார் வாசலில் போய் நிற்பது?

இக்காணொளிகளுள் கீல்வாதத்தைப் பற்றியவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தனி ஒருவரைப் பெயர் சுட்டிக் குறைகூறுதல் நோக்கமன்று. இவ்வகைப் பேச்சுக்குப் பொதுவாக உள்ள இயல்பையே ஆராய்வோம். இது மருத்துவர் வேலையாயிற்றே, தமிழாசிரியர்க்கு இங்கு என்ன என்று சிலர் வினவக்கூடும். இன்று தோட்டத்து முதியோர் மிகுதியாகக் கேட்கும் தமிழ் உரைநடை இக்காணொளிகளில் உள்ளதே. ஒரு பாட்டின் உரையைப் படிக்கும்போது சொல் எது, பொருள் எது, சான்று எது என்று கேட்கப் பழகிய நாம், உயிரைத் தொடும் உரையிலும் அவ்வாறு கேட்டல் முறையாகும்.

பெயர் மயக்கம்

கீல் என்பது மூட்டு. வாதம் என்பது நம் மருத்துவ மரபு கூறும் மூன்று குற்றங்களுள் ஒன்று. கீல்வாதம் என்னும் சொல்லை அகராதிகளும் பாடநூல்களும் கௌட் நோய்க்கும் ஆள்கின்றன. பொதுவாக எந்த மூட்டு நோய்க்கும் ஆள்கின்றன. காணொளிகளிலும் இம்மயக்கம் அப்படியே காணப்படுகிறது. தலைப்பில் கீல்வாதம் என்றிருக்கும். பேச்சு முதுமையால் தேய்ந்த முழங்காலைப் பற்றியதாக இருக்கும். இடையில் கைவிரல்கள் கோணிப்போகும் முடக்குவாதத்தின் படம் வரும். முடிவில் யூரிக் அமிலத்தைக் கரைக்கும் சாறு ஒன்று கூறப்படும். இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். தேய்ந்த முழங்காலுக்கு யூரிக் அமிலம் காரணமன்று. முடக்குவாதத்தில் உடலின் காப்பாற்றலே மூட்டைத் தாக்குகிறது. கௌட் நோயிலோ, குருதியில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டில் தங்குகிறது. பழைய மருத்துவர் இப்படிக் கலந்து பேசவில்லை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் சிந்தாமணி, வாத நோய்களை மட்டும் 80 எனப் பகுத்தது. மரபின் பெயரால் பேசுவோர் மரபின் அந்த நுட்பத்தையே கைவிட்டுவிட்டனர்.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். இதனை நெகிரி செம்பிலான் கண்ணீர் விட்டே கற்றது. 1998-ஆம் ஆண்டு இறுதியிலும் 1999-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் புக்கிட் பெலாண்டோக் வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. கொசுப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அது புதிய கிருமி என்று கண்டறிந்த பிறகே தக்க நடவடிக்கை தொடங்கியது. சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயராலேயே அக்கிருமி இன்றும் வழங்குகிறது. மலேசியாவில் மட்டும் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். முறையாகக் கற்ற மருத்துவர்க்கே முதலில் பெயர் பிழைத்ததென்றால், கைப்பேசியில் ஒருமுறை கேட்டு ஒருவர் தம் நோய்க்குத் தாமே பெயரிடுவது எத்துணை இடர் உடையது!

அந்த இடர் நம்மவர்க்கு மிகுதி. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. இந்தியருள் அது 31.4 விழுக்காடு. கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்குவது கௌட்டின் பெயர்பெற்ற அடையாளம். ஆனால் நீரிழிவு உடையவர் காலில் புண் பழுத்தாலும் விரல் சிவந்து வீங்கும். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தாலும் அவ்வாறே. இவ்விரண்டிலும் ஒவ்வொரு நாளும் விலைமதிப்புடையது. எலுமிச்சைச் சாற்றோடு ஒரு வாரம் காத்திருந்தால் போவது விரலோ காலோ ஆகலாம். கௌட் தானா என்று உறுதி செய்தற்கு மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைக் காணுதலே தலையாய வழி. வலி மிகுந்திருக்கும் நாளில் குருதியின் யூரிக் அளவு இயல்பாகத் தோன்றுவதும் உண்டு. இவ்வெச்சரிக்கையைக் கூறாத காணொளி, மற்றவற்றை எவ்வளவு அழகாகக் கூறினாலும் குறையுடையதே.

நோயே தரும் பொய்ச்சாட்சி

இக்காணொளிகளின் வலிமையெல்லாம் அனுபவச் சாட்சியில் உள்ளது. ‘மூன்று நாள் குடித்தேன், வலி பறந்தது’ என்று ஒருவர் முகமலர்ந்து சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கருத வேண்டியதில்லை. அவர் கண்டதைத்தான் சொல்கிறார். ஆயினும் அவர் சாட்சி செல்லாது. ஏனெனில் கௌட் வலி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மருந்தின்றியே தணிந்துவிடும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் மருந்து தேடுகிறான். உச்சத்திற்குப் பிறகு வருவது இறக்கமே. அந்த இறக்கத்தின்போது வாழைத்தண்டுச் சாறு குடித்தவர் வாழைத்தண்டையும், முடக்கத்தான் கீரை உண்டவர் முடக்கத்தானையும், ஆப்பிள் காடி குடித்தவர் காடியையும் வாழ்த்துவர். ஒன்றும் செய்யாதவர்க்கும் வலி தணிந்திருக்கும். ஆனால் அவர் காணொளி எடுப்பதில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையைத் தொடங்கினால், மூட்டில் பல்லாண்டு தங்கிய படிகங்கள் கலைந்து கரையத் தொடங்குகின்றன. அதனால் முதற் சில மாதங்களில் வலி மீண்டும் மீண்டும் வரலாம். இதனை அறிந்தே, தொடக்கத்தில் 3 முதல் 6 மாதம் வரை தடுப்பு மருந்து ஒன்றையும் உடன் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரியின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. இதனை யாரும் எடுத்துச் சொல்லாதபோது நோயாளி என்ன எண்ணுவார்? மாத்திரை போட்டேன், வலி கூடியது என்பார். அதுவும் அவர் கண்ட உண்மையே.

ஆக, இந்நோய் தன் சாட்சியை இருவழியிலும் ஏமாற்றுகிறது. பயனற்ற சாற்றுக்குப் புகழும், பயனுள்ள மருந்துக்குப் பழியும் வந்து சேர்கின்றன. வலி இல்லாத இடைக்காலத்தில் நோய் இல்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்துகிறார். படிகமோ ஓசையின்றிச் சேர்ந்துகொண்டே போகிறது. ஆண்டுகள் கழித்து மூட்டில் கட்டிகளாக வெளிப்படுகிறது. சிறுநீரகத்தில் கல்லாகவும் தோன்றலாம். கௌட் காணொளிகளின் நம்பகத்தன்மையை ஆராய்வோர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுவே. சாட்சி நேர்மையானவரா என்று கேட்பது போதாது. அவர் நின்ற இடத்திலிருந்து உண்மை தெரியுமா என்றும் கேட்க வேண்டும்.

டுரியான் திப்புஸ் காட்டிய வழி

அனுபவம் போதாதென்றால் வேறு எதனை நம்புவது? இவ்வினாவுக்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் மண்ணிலேயே விடை உள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளை மாய்த்தது. வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மிகுதியாக இறந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். இதனைக் கருத்தூன்றிக் கண்டு 1907-இல் நூலாக எழுதியவர், நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராக இருந்த பிராடன். அவர் கண்டது சரி. ஆனால் கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு உண்டு என்று அவர் கூறிய காரணம் சரியன்று. தமிழர் இனத்தாலோ, வேறு பழக்கத்தாலோ, வாழ்ந்த இடத்தாலோ தப்பியிருக்கலாம் என்று எதிர்வாதம் செய்யவும் இடமிருந்தது.

அவ்வாண்டிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை வேலை செய்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூறாக்கினர். ஒரு கூறுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியைப் பின்தொடர்ந்தது. இடமன்று, இனமன்று, தொற்றன்று, அரிசியே காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், அச்சத்து வைட்டமின் பி1 என்பதும் பின்னர் விளங்கின. ஒப்பந்தக் கூலிகளை அவ்வாறு ஆய்வுக்கு ஆட்படுத்தியதை இன்றைய அறம் ஏற்காது. எனினும் அவர்கள் உடலால் ஈட்டித்தந்த பாடத்தை நாம் மறத்தல் அதனினும் பெரிய தவறாகும்.

பாடம் இதுதான்: உண்டவரையும் உண்ணாதவரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி உணவின் பயன் தெரியாது. நம் பாட்டியின் புழுங்கலரிசி வென்றது, அது பழையது என்பதால் அன்று. ஒப்பிட்டு ஆராய்ந்தபோது நின்றது என்பதால். முடக்கத்தானும் வாழைத்தண்டும் அதே தேர்வை எழுதட்டும், தேறினால் தலைமேற்கொள்வோம். மரபை இகழ்வதாக இதனைக் கொள்ளற்க. தேர்வுக்கு அழைத்தல் மதித்தலேயாகும்.

உணவுப் பட்டியல்கள்

காணொளிகளில் பெரும்பகுதி உணவைப் பற்றியது. இது தமிழ்க் காணொளிகளின் குறை மட்டுமன்று. நியூசிலாந்து ஆய்வாளர் சிலர் டிக்டாக்கில் உள்ள 200 கௌட் காணொளிகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட கட்டுரையில், உணவுப் பேச்சே மிகுதி என்றும், நீண்ட நாள் யூரிக் குறைப்பு மருந்தைக் குறிப்பிட்டவை இரண்டே என்றும் கண்டனர்.

உணவுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு? அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வழியினர் 16,760 பேரின் செய்திகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. யூரிக் அளவில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணுக்கள் 23.9 விழுக்காட்டை விளக்கின. உணவு முறைகள் எவையும் 0.3 விழுக்காட்டுக்கு மேல் விளக்கவில்லை. நம் இனத்தார்க்கு இவ்வெண்கள் அப்படியே பொருந்தும் என்று கூற இயலாது. ஆனால் நோயின் சுமை முழுவதையும் தட்டின்மீது ஏற்றுவது தவறு என்பது தெளிவு. உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடலே ஆக்குவது. அதனை வெளியேற்றுவதில் சிறுநீரகம் பின்தங்குவதே பெரும்பாலோர்க்கு நோயின் முதல்.

இதில் ஒரு மானக்கேடும் கலந்துள்ளது. தோட்டத்துக் கள்ளுக்கடையையும் கறிச்சோற்றையும் நினைத்து, ‘தின்றதற்கும் குடித்ததற்கும் அனுபவிக்கிறான்’ என்று நோயாளியைப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. காணொளிகள் அதனை வளர்க்கின்றன. பழிக்கு அஞ்சியவர் நோயை மறைக்கிறார், மருத்துவரிடம் போவதில்லை.

உணவுப் பட்டியல்களிலும் பிழை உண்டு. பருப்பு, பயறு, பசலைக்கீரை, காளான் ஆகியவற்றை அறவே விலக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 47,150 ஆடவரை 12 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2004-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோர்க்குக் கௌட் மிகுந்தது. பியூரின் மிக்க காய்கறி, பருப்பு வகைகளால் மிகவில்லை. பால் உணவுகள் உண்டோர்க்குக் குறைந்தே இருந்தது. ஆகவே ஈரல், இறால், நெத்திலி, பீர், சாராயம், சீனி மிகுந்த குளிர்பானம் ஆகியவற்றைக் குறைத்தல் நன்று. சாம்பாரையும் கீரையையும் பறித்துவிட்டு, ஏற்கெனவே மெலிந்த முதியவரை வெறுஞ்சோற்றில் விடுதல் நன்றன்று. யூரிக்கைக் கரைக்கச் சமையல் சோடாவை நாள்தோறும் குடிக்கச் சொல்வதோ தீங்கே; அதிலுள்ள உப்புச்சத்து, இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உடையவர்க்கு ஆகாது.

அளவுகளைப் பற்றியும் ஒரு சொல். தமிழகக் காணொளிகள் யூரிக் அளவை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கூறுகின்றன. 7-க்கு மேற்போனால் மிகை என்கின்றன. மலேசியச் சோதனைத் தாளிலோ லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அச்சாகிறது. அங்கே 7 என்பது இங்கே ஏறத்தாழ 416. இதனை அறியாத முதியவர் தம் தாளில் 420 என்று கண்டு, எல்லையைப் போல் அறுபது மடங்கு என்று நடுங்கினால் அது அவர் குற்றமன்று. சிகிச்சையில் எட்ட வேண்டிய இலக்கு அங்கே 6-க்குக் கீழ். இங்கே 360-க்குக் கீழ்.

இயற்கையும் இரசாயனமும்

‘மாத்திரை இரசாயனம், எங்கள் மருந்து இயற்கை’ என்பது இக்காணொளிகளின் பல்லவி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். அச்செடியின் விதையிலும் கிழங்கிலும் உள்ள பொருளே கோல்சிசின். கௌட் வலிக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரைகளுள் ஒன்று. தமிழகத்தில் உழவர் அதன் விதைக்காகவே காந்தளைப் பயிரிடுகின்றனர். அதே கிழங்கைத் தின்று மாண்டவரும் உண்டு. இயற்கைப் பொருள் ஒன்றே அளவோடு மருந்தும் அளவின்றி நஞ்சும் ஆகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யச் சொல்வது இதனால்தான். ‘எல்லாரும் குடிக்கலாம், எவ்வளவும் குடிக்கலாம்’ என்னும் காணொளி, வள்ளுவர் கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை.

மாத்திரையைப் பற்றிய அச்சம் முற்றிலும் வெற்றுரை என்றும் கூறலாகாது. அல்லோபியூரினால் மிகச் சிலர்க்குக் கொடிய தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். தென்கிழக்காசிய இனத்தார் சிலரிடம் அதற்கு வழிகோலும் மரபணு மிகுதி. அதனாலேயே நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாத சிறிய அளவில் தொடங்குகின்றனர். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இன்னும் குறைவு. உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நேர்மையான காணொளி இதனையும் சொல்லும், மருந்தின் பயனையும் சொல்லும். பாதியைச் சொல்லி அச்சுறுத்துவது அறிவுரை ஆகாது. அதுவும் பேச்சின் முடிவில் சூரணம் ஒன்றின் விலையும் தொலைபேசி எண்ணும் வருமாயின் ஐயம் இரட்டிக்க வேண்டும்.

ஒரு நாளில் வலியை அறுக்கும் பொடி எதுவாயினும் அதனுள் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இத்தகைய கலப்படப் பாரம்பரிய மருந்துகளைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. இந்நாட்டில் முறையாகப் பதிவான மருந்துக்கு ‘மால்’ என்று தொடங்கும் எண் உண்டு. பாரம்பரிய மருந்தானால் அது ‘டி’ என்னும் எழுத்தில் முடியும். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமும் இங்குண்டு. ஆனால் கடல் கடந்து புலனத்தில் வரும் பேச்சை அச்சட்டம் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்த்திருத்தல் வீண்.

நம் கடன்

இக்காணொளிகள் ஏன் வெல்கின்றன என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். அவை தமிழில் பேசுகின்றன. ‘ஐயா, அம்மா’ என்று அழைத்துப் பொறுமையாகப் பேசுகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சு 2021-இல் வெளியிட்ட கௌட் சிகிச்சை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு சிறந்த நூல். ஆனால் அது மருத்துவர்க்கென ஆங்கிலத்தில் அமைந்தது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட் கொடுத்துக் காட்டலாம். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் மூட்டுநோய்ப் பிரிவே உண்டு. எனினும் நெரிசலில் சில நிமிடம் பேசும் மருத்துவரைவிட, அரைமணி நேரம் தாய்மொழியில் பேசுகிறவர் நெருங்கியவராகத் தோன்றுவது இயல்பே. அந்த வெற்றிடம் நிரம்பாதவரை காணொளிகளைப் பழிப்பதால் மட்டும் பயனில்லை.

அதனை நிரப்புவதில் தமிழாசிரியர்க்குப் பங்கு உண்டு. தமிழ்ப்பள்ளி மேல்வகுப்பு மாணவர்க்குக் கருத்துணர் பகுதியாக இத்தகைய பேச்சு ஒன்றைக் கொடுத்து ஐந்து வினாக்கள் கேட்கலாம். பேசுகிறவர் யார், அவருக்கு இதில் ஆதாயம் என்ன? எந்த நோயைப் பற்றிப் பேசுகிறார்? யாருக்கு ஆகாது என்று சொன்னாரா? அளவும் காலமும் கூறினாரா? உண்டவரை உண்ணாதவரோடு ஒப்பிட்ட சான்று உண்டா? இவ்வைந்தையும் கேட்கக் கற்ற சிறுவன், வீட்டில் தாத்தாவின் கைப்பேசியையும் அவ்வாறே கேட்பான். கௌட் என்னும் நோய்க்கு, பிற மூட்டு நோய்களோடு மயங்காத நல்ல தமிழ்ப்பெயர் ஒன்றை நிலைபெறச் செய்வதும் நம் கடனே. படிகவாதம் என்று வழங்கினால் நோயின் முதலும் பெயரிலேயே விளங்கும். அறிஞர் இதனினும் சிறந்த சொல் காண்பாராயின் அதனை ஏற்போம்.

அல்லோபியூரினாலை ஆக்கிய எலியனும் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்து 1966 முதல் வழக்கில் உள்ளது; விலையும் மலிவு. கௌட், மூட்டு நோய்களுள் முறையாக அடக்கி ஆளத்தக்க ஒன்று. அவ்வாறிருக்க, வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய கால்கள், முதுமையில் தவறான ஒரு சொல்லைக் கேட்டதனால் நடை இழத்தல் ஆகாது.